பட்டியலில் ஒரு பெயர்



கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள திற்பரப்பு என்று சொன்னவுடனே உங்கள் நினைவுக்கு வருவது அங்குள்ள அருவியாகத்தான் இருக்கும். கோதையாறு பாறைகளின்மேல் பரந்து வந்து விழுகின்ற காட்சியையும், அதன் கரையில் உள்ள மகாதேவர் கோயிலையும் காண்பதற்கு மக்கள் திரள் திரளாக வருகிறார்கள். நான் இன்று அருவியைப் பற்றிப் பேசப்போவதில்லை. அதே ஊரில், எவரும் தேடி வந்து பாராத ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வாக்காளர் பட்டியல் திருத்தப்படும் காலத்தில், வாக்குச்சாவடியாக அமைகின்ற பள்ளிகளிலே சில தாள்கள் மக்களின் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. வரைவு வாக்காளர் பட்டியல் என்பது அவற்றின் பெயர். அதில் தம் பெயர் இருக்கிறதா என்று வந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் அந்தத் தாள்களில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர்.

பதினெட்டு வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு என்று நம் அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு கூறுகிறது. சமயம், இனம், சாதி, பால் என்ற காரணங்களைக் காட்டி எவரையும் பட்டியலில் சேர்க்க மறுக்கலாகாது என்று 325-ஆம் பிரிவு கூறுகிறது. இவை பெரிய உரிமைகள். ஆயினும் அவை நம் கைக்கு வந்து சேர்வது பட்டியலின் வழியாகவே. வாக்காளர் அடையாள அட்டை ஒருவரிடம் இருந்தாலும், பட்டியலில் அவர் பெயர் இல்லையேல் அவர் வாக்களிக்க இயலாது. பட்டியலில் பெயர் இருந்து, அட்டை தொலைந்துவிட்டதாயின், அனுமதிக்கப்பட்ட வேறு சான்று ஒன்றைக் காட்டி வாக்களித்துவிடலாம். அட்டையைப் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கின்ற நாம், பட்டியலைப் பார்ப்பதே இல்லை. இது நம் நாட்டில் பொதுவாகக் காணப்படும் தவறு.

இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அந்நாளில் பட்டியலைத் திருத்துவதற்காக வீடு வீடாகச் செல்லும் வேலை பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. திற்பரப்புப் பக்கத்தில் ஒரு பகுதி எனக்கு வந்தது. சமவெளி ஊர்களைப் போல அங்கே தெருவுக்கு இருபுறமும் வீடுகள் வரிசையாக நிற்பதில்லை. மேட்டில் ஒரு வீடு, பள்ளத்தில் ஒரு வீடு, இடையிலே ரப்பர்த் தோட்டம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக ஓர் ஓடையைக் கடக்கவேண்டியிருக்கும். கதவு எண்களும் வரிசையாக வருவதில்லை. பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, எண்ணே இல்லாத வீடும் ஒன்று.

அப்படி ஒரு மேட்டில் இருந்த சிறு வீட்டுக்கு நான் இருமுறை சென்றேன். இருமுறையும் பூட்டிக் கிடந்தது. இரண்டாம் முறை, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் கேட்டேன். “அவங்க போயாச்சு” என்றான். பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே ஒரு பெண்மணியின் பெயர் இருந்தது. அப்பெயருக்கு எதிரே “குடிபெயர்ந்தார்” என்று எழுதிவிட்டு, மழை வருமுன் ஓடையைக் கடந்துவிட வேண்டுமென்று இறங்கி வந்துவிட்டேன். நான் எழுதியதை மெய்யெனக் கொண்டே அதன் பின்னர் எல்லாம் நடந்தது.

அடுத்து வந்த தேர்தல் முடிந்த அன்று மாலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாக்களிக்கச் சென்றதாகவும், பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதாகவும் சொன்னார். “சாரே, நான் சாகவுமில்ல, ஒரு எடத்துக்கும் போகவுமில்ல. பின்ன எனக்க பேரு எங்க போச்சு?” என்று கேட்டார். என்மேல் குறை சொல்ல அவர் வரவில்லை. மனு எழுதித் தரக்கூடிய வாத்தியார் என்று எவரோ சொன்னதைக் கேட்டு என்னிடம் வந்திருந்தார். வீடு எங்கே என்று கேட்டேன். அவர் மேட்டைச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய மனுவை எழுதிக் கொடுத்தேன். பெயரை அழித்தது நானே என்று அன்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மாணவ நண்பர்களே! அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இப்பட்டியல் வளர்ந்து வந்த வரலாற்றைச் சிறிது பாருங்கள்.

பட்டியல் போடுவது நம் நாட்டுக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். குடவோலைக்கு உரியவர் யார் என்று அக்கல்வெட்டு வரையறுக்கிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். ஒழுங்குமிக்க ஏற்பாடு அது. ஆனால் நிலமில்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் புகவே வழியில்லை.

நம் திற்பரப்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர். அங்கே 1888-இல் ஒரு சட்டசபை அமைந்தது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. இந்தியாவின் சமஸ்தானங்களுக்குள்ளே இது முன்னேற்றமான செயல் என்று புகழப்பட்டது. ஆயினும் அங்கும் நிலவரி, வருமானம், பட்டம் ஆகியவற்றைக் கொண்டே மனிதர் அளக்கப்பட்டனர். தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவருக்கு அதில் இடமில்லை.

இந்த நிலை 1948-இல் மாறியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் பிரதிநிதி சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. இந்தியக் குடியரசு பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே, நாடு முழுவதும் முதற் பொதுத்தேர்தல் நடப்பதற்கு மூன்றாண்டுக்கு மேலாக முன்பே, இந்த மலையடிவாரத்துக் கூலியாளின் பெயரும் நிலவுடைமையாளரின் பெயரும் ஒரே பட்டியலில் ஏறிவிட்டன. நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது.

அதே 1948-ஆம் ஆண்டில்தான், அரசியலமைப்புச் சபையின் செயலகம் நாடெங்கும் வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் பணியைத் தொடங்குமாறு மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் எழுதியது. அரசியலமைப்பு முற்றுப்பெற்றது 1949 நவம்பர் 26-ஆம் நாள். சட்டம் எழுதி முடியுமுன்பே, அச்சட்டத்தின்படி வாக்களிக்கவேண்டியவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டார்கள். வீடு வீடாகச் செல்லவேண்டும் என்பதும், எண் இல்லாத வீடுகளுக்கு எண் இடவேண்டும் என்பதும் அவ்வேலையின் முதற்படிகள். பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு முகவரி ஏது? இந்த இடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணம் உண்டு என்று அவர்கள் உறுதி கூறினாலே போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். சான்றில்லாதவனை வெளியே நிறுத்துவதைவிட, அவன் சொல்லை நம்பி உள்ளே அழைப்பது மேல் என்ற உள்ளம் அதில் தெரிகிறது.

1950 ஜனவரி 25-ஆம் நாள் தேர்தல் ஆணையம் அமைந்தது. சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதற் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம் பேர் வாக்காளராய்ப் பதிவு பெற்றிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள்.

அத்தனை பெரிய வெற்றியிலும் ஒரு குறை இருந்தது. வடநாட்டின் சில பகுதிகளில் பெண்கள் அயலாரிடம் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. “இன்னாரின் மனைவி”, “இன்னாரின் தாய்” என்றே எழுதச் சொன்னார்கள். பெயரின்றிப் பதிவு இல்லை என்று சுகுமார் சென் உறுதியாக நின்றார். அதனால் ஏறக்குறைய 28 இலட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் அவர்கள் வாக்கிழந்தார்கள். ஒரு பெண்ணுக்கு அவள் பெயராலேயே இடம் வேண்டும் என்ற கொள்கை சரியானது. பின்னர் அது நிலைபெற்றும்விட்டது. ஆனால் கொள்கை சரியாக இருக்கும்போதே 28 இலட்சம் பேர் வெளியே நிற்கவும் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. பட்டியலைத் திருத்துகின்ற ஒவ்வொருவரும் இதை மறக்கலாகாது.

அம்முதல் தேர்தலில் நாகர்கோவில் தொகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நேசமணி. தமிழ் வழங்கும் தாலூகாக்கள் தமிழ்நாட்டுடன் சேரவேண்டும் என்று இம்மக்கள் கேட்டது வாக்குச்சீட்டின் வழியாகவும்தான். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. ஒரு மாவட்டம் பிறந்ததற்குப் பின்னாலும் ஒரு வாக்காளர் பட்டியல் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, பட்டியலுக்கு வரும் நோய்களைப் பார்ப்போம். பட்டியல் ஒருமுறை எழுதி வைத்துவிடும் செப்பேடு அன்று. மனிதர் இறக்கிறார்கள், பிள்ளைகள் வளர்ந்து வயது நிரம்புகிறார்கள், பெண்கள் மணமாகி வேறூர் போகிறார்கள், தொழில் தேடிக் குடும்பங்கள் பெயர்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லைக்கு இப்புறம் பிறந்து அப்புறம் கேரளத்தில் வாழ்க்கைப்பட்டவர் பலர். ஒருவரின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கலாகாது என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. ஆனால் இங்குள்ள தாள் கட்டுக்கும் அங்குள்ள தாள் கட்டுக்கும் பேச்சுவார்த்தை ஏது? இரண்டிலும் பெயர் இருந்துகொண்டே இருக்கும். இறந்தவர் பெயரும் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பழைய நாளில் ஆள்மாறாட்டத்துக்கு இடம் கொடுத்தது இதுவே.

இந்நோயைத் தீர்க்க வந்த மருந்துகள் பல. டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராய் இருந்தபோது, 1993-இல் புகைப்பட அடையாள அட்டை வழங்கும் திட்டம் தொடங்கியது. பட்டியல்கள் கணிப்பொறிக்குள் சென்றன. பின்னர் பட்டியலிலேயே ஒவ்வொரு பெயருக்கும் அருகில் புகைப்படம் அச்சாயிற்று. 2006 முதல் வாக்குச்சாவடிக்கு ஒருவர் வீதம் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நியமிக்கப்பட்டார். இன்று அவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ, ஆசிரியராகவோ, வேறு அரசு ஊழியராகவோ இருப்பார். மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே கிடந்த பட்டியல்கள் ஒரே இணையத் தொகுப்பில் இணைந்துள்ளன. வீட்டிலிருந்தே கைப்பேசி வழியாக விண்ணப்பிக்கலாம்.

வயதின் செய்தியும் மாறியுள்ளது. முதலில் 21 வயது நிரம்பினாலே வாக்கு. அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தம் அதனை 1989 முதல் 18 ஆக்கியது. முன்பு ஜனவரி 1-ஆம் நாளில் 18 நிரம்பியிருக்கவேண்டும். ஜனவரி 2-ஆம் நாள் பிறந்தவர் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 2022 ஆகஸ்டு முதல், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளாயின. 17 வயது நிறைந்தவரே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் பலருக்கு இது இன்றே பயன்படக்கூடிய செய்தி.

இவையெல்லாம் வரவேற்கத்தக்க சீர்திருத்தங்கள். கணிப்பொறி செய்யும் வேலை எத்தகையது என்பதை மட்டும் நாம் அறிந்துகொள்ளவேண்டும். கோடிக்கணக்கான பதிவுகளை ஒப்பிட்டு, இவ்விரண்டும் ஒருவராக இருக்கலாம் என்று அது கண நேரத்தில் சுட்டிக்காட்டும். நூறு எழுத்தர்கள் ஓராண்டு உட்கார்ந்தாலும் செய்ய முடியாத வேலை. ஆனால் “இருக்கலாம்” என்பதற்கும் “ஆம்” என்பதற்கும் இடையே ஒரு தூரம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரே விளையில் தங்கம், தங்கம்மாள், தங்கம்மை என்று மூவர் இருப்பார்கள். மூவரும் மூன்று பெண்களாக இருக்கவும் கூடும், ஒரே பெண்ணை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியதாக இருக்கவும் கூடும். எது என்று அறிய ஒரே வழி, அங்கே போய்க் கேட்பதுதான்.

அயல்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், குற்றத் தண்டனை பெற்று வாக்குரிமை இழந்தவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கக் கணிப்பொறியால் பெயர்களை ஒப்பிட்டார்கள். பெயர் ஏறக்குறைய ஒத்திருந்தாலே போதும் என்று தளர்வாக ஒப்பிட்டதனால், குற்றம் எதுவும் செய்யாதவர் பெயர்களும் அதில் அகப்பட்டன. அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அம்மாநிலத்தின் முடிவைத் தீர்மானித்தது 537 வாக்குகளின் வேறுபாடு. நம் நாட்டிலும் 2015-இல் ஆதார் எண்ணோடு வாக்காளர் பதிவை இணைத்துப் பட்டியலைத் தூய்மை செய்யத் தொடங்கிய பணி, உச்சநீதிமன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்து அவ்வாண்டிலேயே நின்றது.

அமெரிக்காவில் பெயரைப் பதிவு செய்துகொள்வது பெரும்பாலும் குடிமகனின் பொறுப்பு. அவன் சென்று கேட்கவேண்டும். நம் நாடு 1948-இல் தேர்ந்துகொண்ட வழி வேறு. இங்கே அரசு குடிமகனின் வாசலுக்கு வருகிறது. நம் ஏழை மக்களுக்கு வாக்குரிமை ஏட்டளவில் நில்லாமல் கைக்கு வந்தது அந்த வழியினாலேதான்.

2025-ஆம் ஆண்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் பட்டியல் புதிதாகச் சரிபார்க்கப்பட்டது. முதலில் பீகாரிலும், பின்னர் நவம்பர் முதல் தமிழ்நாடு உள்ளிட்ட வேறு பல மாநிலங்களிலும் அது நடந்தது. தமிழ்நாட்டில் இத்தகைய முழுத் திருத்தம் நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. வீடுதோறும் படிவம் கொடுக்கப்பட்டது. நிரப்பிக் கையொப்பமிட்டுத் திருப்பித் தரவேண்டும். டிசம்பர் 19-ஆம் நாள் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது, 6 கோடியே 41 இலட்சமாக இருந்த பெயர்கள் 5 கோடியே 43 இலட்சத்து அளவாகக் குறைந்திருந்தன. விடுபட்ட சுமார் 97 இலட்சம் பெயர்களுள் ஏறத்தாழ 27 இலட்சம் இறந்தோர் என்றும், மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவை இரட்டைப் பதிவு என்றும், 66 இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடிபெயர்ந்தோர் அல்லது இருப்பிடத்தில் காணப்படாதோர் என்றும் அறிவிக்கப்பட்டது.

இத்திருத்தம் வேண்டியதே என்றார் சிலர். இவ்வளவு விரைவு தகாது என்றார் சிலர். வழக்குகளும் உச்சநீதிமன்றம் சென்றன. அந்த வாதங்களுக்குள் நான் போகவில்லை. இருபது ஆண்டில் ஒரு மாநிலத்தில் இலட்சக்கணக்கானோர் இறப்பதும், நகரங்களுக்குப் பெயர்வதும் இயல்பே. ஆனால் “குடிபெயர்ந்தோர்” என்ற அந்தச் சொல்லைச் செய்தித்தாளில் பார்த்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது நான் என் கையால் எழுதிய அதே சொல். அத்தனை பேருள் பூட்டிய கதவு ஒன்றைப் பார்த்து எழுதப்பட்டவை எத்தனையோ என்று எண்ணி, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பீகார்த் திருத்தத்தின்போது உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஓர் ஆணை இட்டது. வரைவில் விடுபட்ட சுமார் 65 இலட்சம் பேரின் பெயர்களையும், ஒவ்வொருவர் பெயரும் விடுபட்டதற்கான காரணத்தையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும் என்பது அது. என் கருத்தில், பட்டியலைப் புதுமைப்படுத்துவதில் தலையாய சீர்திருத்தம் இதுவே. நீக்கியவர் தம் காரணத்தைச் சொல்லவேண்டும். நீக்கப்பட்டவர் அதைப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, “நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று சொல்ல அவருக்கு நாளும் இடமும் இருக்கவேண்டும்.

சட்டம் இதனை முன்பே அறிந்திருக்கிறது. ஒருவர் இடம் மாறிவிட்டார் என்றோ தகுதியற்றவர் என்றோ பெயரை நீக்குமுன், அவர் தரப்பைச் சொல்ல அவருக்குத் தக்க வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்கனவே பட்டியலில் உள்ளவரின் குடியுரிமையை ஐயுற்று நீக்க முற்படும்போதும் முறையான விசாரணை வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. பதிவு அலுவலரின் முடிவு தவறென்று தோன்றினால், முதலில் மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும், அதன்பின் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் முறையீடு செய்யலாம். சேர்ப்பதற்குப் படிவம் 6. ஒரு பெயரை ஆட்சேபிக்கவும் நீக்கவும் படிவம் 7. முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளுக்குப் பின் பட்டியலில் மாற்றம் செய்ய இயலாது. வாக்குப்பதிவு நாளன்று சாவடி வாசலில் நின்று வருந்துவதால் பயனில்லை. அந்த அம்மையாருக்கு நேர்ந்தது அதுவே.

அவரிடம் நான் உண்மையைச் சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. ஒருநாள் பிற்பகலில் அந்த மேட்டு வீட்டுக்குச் சென்று, “உங்கள் பெயரை அழித்தவன் நான்தான்” என்றேன். முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “எப்பம் வந்திய சாரே?” என்று கேட்டார். காலை பத்து மணிக்கு என்றேன். அவர் சிரித்துவிட்டார். “காலத்த வந்தா நான் வீட்டில இருப்பனா சாரே? உச்சைக்குப் பெறவு வந்திருக்கணும்” என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. ரப்பர் வெட்டுபவர் விடியுமுன்பே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடிந்து நிறையும்வரை காத்திருந்து, அதைச் சேர்த்து, உறையவைத்து முடிக்க உச்சியாகிவிடும். அந்த ஊரிலே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததன்று. தெரிந்திருந்தும், என் பள்ளி மணிக்கும் என் வசதிக்கும் ஏற்ற வேளையில் போனேன். “அவங்க போயாச்சு” என்று அச்சிறுவன் சொன்னதும் பொய்யன்று. வேலைக்குப் போயாயிற்று என்றான். ஊரைவிட்டுப் போயாயிற்று என்று நான் கொண்டேன்.

அதற்கு அடுத்த தேர்தலில் அவர் வாக்களித்தார். ஆனால் தவறிய அந்த ஒரு தேர்தலை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

கருவி எவ்வளவு புதியதாயினும், அதற்குள் போகும் சொல்லை ஒரு மனிதர்தான் எழுதுகிறார். அன்று என் கையில் இருந்தது பென்சிலும் தாளும். இன்று வாக்குச்சாவடி அலுவலரின் கையில் கைப்பேசி இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேட்டு வீட்டின் முன் நின்று “குடிபெயர்ந்தார்” என்று பதிவு செய்தால், அத்தவறு முன்னைவிட விரைவாக ஊர் சென்று சேரும், அவ்வளவே வேறுபாடு. மக்கள் வீட்டில் இருக்கும் வேளையை அறிந்து செல்வதும், இருமுறை சென்றும் காணாவிடில் மூன்றாம் முறை செல்வதும், அயலார் இருவரைக் கேட்பதும் பழைய முறைகள். புதிய முறை எதுவும் இவற்றின் மேல்தான் நிற்கமுடியும். அதற்கு அந்த அலுவலருக்கும் போதிய நாள் கொடுக்கவேண்டும். தம் அன்றாட வேலைக்கு மேலாக இதனைச் செய்பவர் அவர். அவசரப்படுத்தப்பட்ட மனிதர் அவசரமாகத்தான் எழுதுவார்.

மாணவ மாணவியரே! உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை வரைவுப் பட்டியல் வெளியாகும்போது, உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியில் சில நூறு பெயர்களோ ஆயிரத்தைச் சற்றே கடந்தோ இருக்கும். நண்பர்கள் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முழுவதையும் படித்துவிடலாம். உங்கள் பெயரைத் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள். படிக்கத் தெரியாத பாட்டி, காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் கூலியாள், மருமகளாக வந்து இன்னும் பெயர் மாற்றாத பெண், இவர்களுடைய பெயர்களைத் தேடுங்கள். இல்லாதவர் வீட்டுக்குப் படிவத்தோடு செல்லுங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் அவர் வீட்டாரிடம் சொல்லி நீக்கச் செய்யுங்கள். ஐயம் இருந்தால் 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

ஒரு பெயரால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, திருநெல்வேலி மாவட்டத்தில், நமக்குப் பக்கத்திலே உள்ள இராதாபுரம் தொகுதியை நினைவூட்டுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அறிவிக்கப்பட்ட வேறுபாடு 49 வாக்குகள். கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளி என்னும் தொகுதியில் 2004-இல் ஒரே ஒரு வாக்கு.

ஆனால் முடிவை மாற்றும் வாக்கு என்பதனால் மட்டும் ஒருவர் பெயர் மதிப்புடையதாகிறது என்று நான் சொல்லமாட்டேன். பல்லாயிரம் வாக்கு வேறுபாட்டில் முடிந்த தேர்தலில்தான் அந்த அம்மையார் வாக்கிழந்தார். அவருடைய ஒரு வாக்கால் எதுவும் மாறியிராது. இருந்தும், வேலைக் கூலியை ஒரு நாள் இழந்து, வெளுத்த சேலை உடுத்து, வரிசையில் நின்று, பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்பிய அவர் இந்நாட்டின் குடிமகள். நானும் இங்கு உண்டு என்று சொல்ல அவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் நாள் அது. அந்த நாளை எவருக்கும் இழப்பாகாமல் காப்பதே பட்டியலின் பணி.

அடுத்த முறை நீங்கள் திற்பரப்புக்கு வந்தால் அருவியில் ஆனந்தமாய் நீராடுங்கள். திரும்பி உங்கள் ஊருக்குச் சென்றதும், உங்கள் பள்ளிச் சுவரிலோ இணையத்திலோ அந்தத் தாள்களைத் தேடி, உங்கள் தெருவைப் படித்துப் பாருங்கள்.